பவுசர் திரும்பும்போது வெடிக்கும்

அந்தச் சிப்பாய் கொப்பியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்குப் புரட்டிக்கொண்டு வந்தான்.

வவுனியா போகிற பஸ்ஸிலிருந்து எங்கள் எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். சாமான்களை றோட்டோரம் பரப்பிவைத்துவிட்டு வரிசையில் நின்றோம். என் பையில் இருந்தது கொஞ்சம்தான். மகள் வசந்தியின் வெள்ளைச் சட்டை, வழியில் சாப்பிடப் பேப்பரில் சுற்றிய இரண்டு பணிஸ், ஒரு கொப்பி. சட்டையை உதறினான். பணிஸை மோந்து பார்த்தான். கொப்பியைக் கையில் எடுத்தபோது எனக்குப் பயம் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பியில் என்ன இருக்கப் போகிறது?

ஒரு படத்தில் அவன் விரல் நின்றது. பெரிய பானை, பானைக்குள் மணல், மணலுக்கு மேல் ஒரு தகரம். பானைக்கு அடியிலும் மூடிக்கு மேலும் நெருப்பு. நாலு பக்கமிருந்தும் தகரத்தை நோக்கி அம்புக்குறிகள்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"கேக் போடுற அடுப்பு" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நெடுங்கேணிப் பக்கத்துத் தமிழ்ப் பொம்பிளைக்குத் தடக்காமல் சிங்களம் வருகிறது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் வந்து, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

"பவுசர் போனதும் நெருப்பு வைக்க வேண்டும்."

அடுத்த வரி.

"பவுசர் திரும்பி வரும்போது மேலே வெடிக்கும்."

பவுசர் என்றால் ஆமிக்குத் தண்ணி ஏற்றுகிற லொறி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஓரடி தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தள்ளினார்கள். வரிசையில் எனக்கும் வசந்திக்கும் மட்டும் தனி இடம் உண்டாயிற்று. கொஞ்ச நேரத்தில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. நானும் என் பத்து வயது மகளும் நின்றோம்.

போறணைக்காரன் மகள்

அந்தக் கொப்பி எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால், கேக் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

என் அப்பா மலைநாட்டுச் சின்ன டவுன் ஒன்றில் பேக்கரி வேலைக்காரர். விடியப்புறம் போறணை அடுப்பிலிருந்து பாண் இறக்குகிற ஆள். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். ஆனால் கைக்கு வந்தது அப்பாவின் வேலைதான். மாவைத் தொட்டாலே அதற்கு இன்னும் தண்ணி வேண்டுமா என்று தெரியும். சிங்களம் படித்ததும் அந்தப் பேக்கரியில்தான், பாண் வாங்க வருகிறவர்களோடு கதைத்து.

எழுபத்தேழுக் கலவரத்தில் ஒரு நாள் அந்தப் பேக்கரி எரிந்தது. எரித்தவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை அப்பாவுக்குத் தெரியும். இவர் இரண்டு இறாத்தல், அவர் கரை கருகினது கேட்பவர் என்று ஒவ்வொருவரும் வாங்குகிற பாணைச் சொல்வார். அவர்கள் ஒரு வாளித் தண்ணி தூக்கவில்லை.

வன்னிக்கு வந்த பிறகு அப்பா சாகும்வரை சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் இருந்தார். யாராவது சிரித்துப் பேசினால், போன பிறகு "எதுக்குச் சிரிச்சான்?" என்று கேட்பார். எனக்கு நகை நட்டென்று பெரிதாக ஒன்றும் போடவில்லை. சீதனமாகக் கிடைத்தது அந்தக் கேள்விதான்.

நெடுங்கேணிக்குக் கிட்ட, முல்லைத்தீவு றோட்டோரம் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி. என் புருஷன் உழவு மிஷின் ஓட்டுவார். சீசனில் அக்கராயன் பக்கம் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். நான் மணல் பானையில் பணிஸும் பட்டர் கேக்கும் சுட்டுச் சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கொடுத்தேன். சிரட்டைக்கரி நெருப்பு. பிஸ்கட் தகரம்தான் தட்டு. அதிலே வருகிற கேக் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும். ருசி சரியாது.

பக்கத்து வளவில் நேசம் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்த குடும்பம். எனக்கு முட்டை தருகிறது அவதான். நல்ல மனுஷி. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் எப்போதும் கதைப்பா. மலைநாட்டு ஆக்கள் என்பதாலோ என்னவோ, எட்டு வருஷத்தில் என் வீட்டில் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை. கேக்கை வாங்குவா, பேப்பரோடு கொண்டுபோவா, பிறகு "நல்லாயிருந்தது தங்கச்சி" என்பா. சாப்பிட்டாவா, கோழிக்குப் போட்டாவா என்று எனக்கு ஒருநாளும் நிச்சயமில்லை.

மூன்று முட்டை

கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கிய வருஷம் அது. வகுப்பறைகளில் குடும்பங்கள். வாங்கு மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டியிருந்தார்கள். படிப்பு நின்றுவிட்டது. வசந்தி ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை. பாஸ் பண்ணினால் பெரிய பள்ளிக்கூடத்தில் விடுதியில் நின்று படிக்கலாம். நான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தது அதை மட்டும்தான்.

பெரிய வாத்தியாரிடம் போய்க் கேட்டேன்.

"நான் என்னம்மா செய்யிறது? சனத்தை எழும்பிப் போ எண்டு சொல்லேலுமே? வீட்டிலை வைச்சுப் படிப்பியுங்கோ" என்றார்.

வசந்திக்குக் கணக்கு என்றால் வயிற்றைப் பிடிக்கும். பின்னக் கணக்கு வந்தால் கண்ணில் தண்ணி வந்துவிடும். எனக்கோ படிப்பிக்கத் தெரியாது. இரண்டு நாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் கடைக்குக் கேக் கொடுக்கவேண்டி இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் குசினிக்குள் கூட்டிப்போனேன்.

அன்றைக்கு நேசம் அக்காவிடமிருந்து மூன்று முட்டைதான் வந்தது.

"நாலு முட்டைக்கு அரை இறாத்தல் மா. இன்னைக்கு மூணுதான் இருக்கு. எவ்வளவு மா போடணும் சொல்லு புள்ள" என்றேன்.

"எனக்குத் தெரியாது."

"தெரியாட்டி கேக் இல்ல."

அவள் கொஞ்ச நேரம் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அரை இறாத்தலையும் சுளகில் கொட்டி, விரலால் நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டாள். நாலு குவியல். ஒன்றைத் தள்ளி வைத்தாள்.

"இது வராத முட்டையின்ரை மா" என்றாள்.

சீனியையும் மாஜரினையும் அப்படியே பிரித்தாள். பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. அதில் வந்து தடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு நாலு அரைக் கரண்டியாக ஒரு பேப்பரில் வரிசையாகக் கொட்டினாள். ஒன்றை விரலால் தள்ளினாள்.

"ஒண்டரை!" என்று கத்தினாள். "அம்மா, ஒண்டரை! பின்னக் கணக்கு எண்டுறது இதுதானே? ஏன் இதை ரீச்சர் சொல்லேல்லை?"

அன்றிலிருந்து குசினிதான் பள்ளிக்கூடம். அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி விட்டு, கோப்பை நிறைய நுரை பொங்குவதைப் பார்த்தோம். "ஆரம்மா உள்ளுக்கை இருந்து தள்ளுறது?" என்று கேட்டாள். காற்று என்றேன். சூட்டில் காற்று விரியும், அதனால்தான் கேக் எழும்புகிறது. மேற்பக்கம் முதலில் காய்ந்துவிட்டால், உள்ளே இருக்கிற காற்று வெளியே வர இடமில்லாமல் மேலே வெடிக்கும். கறுவா எந்தப் பக்கத்தில் விளைகிறது, கோதுமை ஏன் எங்கள் நாட்டில் விளைவதில்லை என்று தேடினோம். எனக்குத் தெரியாததை ஒரு பக்கத்தில் கேள்வியாக எழுதிவைப்போம், யாரையாவது கண்டால் கேட்க.

தமிழ்ப் பாடத்துக்கு, செய்த வேலையை முழு வசனமாக எழுதவேண்டும் என்று சட்டம் போட்டேன். "போட்டேன், எடுத்தேன்னு அரைகுறையா எழுதாத. வேண்டும், வேண்டும்னு முடி" என்றேன். பரீட்சையில் அப்படி எழுதினால்தான் புள்ளி கிடைக்கும் என்று என் எண்ணம்.

நேரம் பார்க்க வீட்டில் மணிக்கூடு இல்லை. இருந்த ஒரே கைக்கடிகாரம் புருஷனோடு அக்கராயனில் நின்றது. ஆனால் றோட்டில் காலை நேரம் ஆமிக் காம்பின் தண்ணிப் பவுசர் எங்கள் வாசலைத் தாண்டி ஒரு பெரிய கிணற்றடிக்குப் போகும். நிரப்பிக்கொண்டு திரும்பி வரும். அந்த இடைவெளி, அரை இறாத்தல் கேக் வேகிற நேரம். எனக்கு அது முன்னமே கைப்பழக்கம். வசந்திக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

அவள் எழுதினாள். நெருப்பு என்பதை "நெறுப்பு" என்று எழுதியிருந்தாள். வல்லின றுவை அடித்துவிட்டு, மேலே ரு என்று நானே என் கையால் திருத்தினேன். மற்றதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

ஒரு நாள் நேசம் அக்கா வேலிக்கு மேலால் கேட்டா. "ஏன் தங்கச்சி, பவுசர் போற நேரத்துக்குப் பிள்ளை ஒவ்வொருநாளும் வாசல் கடப்படியிலை வந்து நிக்கிறவள்?"

"நேரம் பாக்கிறா அக்கா. கேக்குக்கு."

"ஓ" என்றா. வேறொன்றும் கேட்கவில்லை. அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கொப்பியைப் பற்றி யோசிக்கவில்லை.

வவுனியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுகிறா என்று கேள்விப்பட்டேன். பிள்ளை சும்மா இருக்கவில்லை, இவ்வளவு படித்திருக்கிறாள் என்று காட்டத்தான் கொப்பியைப் பையில் வைத்தேன்.

இரண்டு கொட்டில்

சோதனை நடந்த இடத்துக்குப் பின்னால்தான் காம்ப். எங்களை உள்ளே கூட்டிப்போய், வசந்தியை ஒரு கொட்டிலுக்குள்ளும் என்னை இன்னொன்றுக்குள்ளும் விட்டார்கள். அவள் அழவில்லை. திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு போனாள். நான் கைகாட்டவா, சிரிக்கவா, என்ன செய்தால் அவர்கள் அதைச் சாடை என்று நினைக்கமாட்டார்கள் என்று தெரியாமல் மரம் மாதிரி நின்றேன்.

என்னைக் கேட்டவர் பெரிய அதிகாரி. மூக்குக்கண்ணாடி போட்டவர். சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"இதில் இரண்டு கையெழுத்து இருக்கு. ஒன்று பிள்ளையுடையது. இந்த எழுத்தைத் திருத்தியது யார்?"

"நான்தான்."

"அப்படியென்றால் நீ இதை வாசித்திருக்கிறாய். வாசித்து, எழுத்துப் பிழை மட்டும் திருத்தியிருக்கிறாய்."

"ஆமாம் ஐயா."

"எங்கள் பவுசர் எத்தனை மணிக்குப் போகிறது என்று யார் உன்னிடம் கேட்டார்கள்?"

"யாரும் கேட்கல. எங்க வீட்டுல மணிக்கூடு இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் காட்டுக்குள் யார் கேக் சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டார். நான் தேத்தண்ணிக் கடையைச் சொன்னேன். சொன்ன உடனே, கடைக்காரரையும் இதற்குள் இழுத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கே சிங்களம் படித்தாய் என்றார். பேக்கரியைச் சொன்னேன். பேக்கரி இப்போது எங்கே என்றார். எரிந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. யார் எரித்தது என்று அடுத்த கேள்வி வரும். "மூடிட்டாங்க" என்றேன். அந்த ஒரு பொய்தான் அன்றைக்கு நான் சொன்னது. அதை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று இன்றைக்கும் எனக்கு நினைப்பு. ஏனென்றால் அதற்குப் பிறகு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் புரட்டத் தொடங்கினார்.

பிறகு காம்பின் சமையல்காரரைக் கூப்பிட்டார். வயசான ஆள், இடுப்பில் துவாய் கட்டியிருந்தார். அதிகாரி தமிழ் வாசித்த சிப்பாயைக் கொண்டு கொப்பியில் இருந்த அளவுகளைச் சிங்களத்தில் சொல்லவைத்தார். இது உண்மையாகவே கேக்கா, அல்லது கேக் என்ற பெயரில் வேறு ஏதாவதா என்று கேட்டார்.

சமையல்காரர் அளவுகளைத் திருப்பிக் கேட்டார். என்னை நம்பாத கண்தான் அவருக்கும். "இப்படி எழுதுவது லேசு. எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் எழுதலாம்" என்றார். பிறகு என்னிடம் கேட்டார். "ஆறு முட்டைக்கு எவ்வளவு மா?"

"முக்கால் இறாத்தல்."

"பவுடர்?"

"மூணு தேக்கரண்டி."

"இதையே பிள்ளையிடமும் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தமிழ் வாசித்த சிப்பாயையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு பரீட்சை நேரம் எனக்கு வந்ததில்லை. ஆறு முட்டைக் கேக் நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது நாலும் மூன்றும். பயத்தில் பிள்ளைக்கு ஒன்றுமே வராமல் போகலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதை அவர்கள் என்னவென்று எழுதுவார்கள்? அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரர் திரும்பி வந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

அங்கே நடந்ததைப் பிறகு வசந்தி சொல்லித்தான் அறிந்தேன். ஆறு முட்டை என்றதும் அவள் குனிந்து, நிலத்து மண்ணில் விரலால் கோடு போட்டிருக்கிறாள். நாலு முட்டைக்கு ஒரு குவியல், மிச்சம் இரண்டுக்கு அரைக் குவியல். முக்கால் இறாத்தல், மூன்று கரண்டி. அவர் ஐந்து முட்டை என்று கேட்டிருக்கிறார். பத்து அவுன்ஸ், இரண்டரைக் கரண்டி. "ஏன் மேலே வெடிக்குது?" என்று அந்தச் சிப்பாய் கேட்டானாம். "நெருப்பு மேலை கூடிப்போச்சு எண்டால் வெடிக்கும். அம்மா சுட்டால் வெடிக்காது. நான் சுட்டால்தான்" என்று சொல்லியிருக்கிறாள்.

"அது கேக்தான் சேர்" என்றார் சமையல்காரர் அதிகாரியிடம். "அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது."

கொப்பியைத் தரவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். எங்களைப் போகச் சொன்னார்கள்.

வாசலில் இறக்கியது

வெளியே வந்தபோது பின்னேரம். கடைசிப் பஸ்ஸும் போய்விட்டது. நடக்கிறோம் என்றேன். அதிகாரி சம்மதிக்கவில்லை. பொம்பிளையும் பிள்ளையும் காட்டு றோட்டில் நடக்க வேண்டாம், வண்டியில் விடச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்கும் ஒரு காரணம் தேடுவார்கள்.

வண்டி என்று வந்தது அதே தண்ணிப் பவுசர்தான். பின்னேரமும் ஒரு தடவை கிணற்றடிக்குப் போகுமாம். முன்பக்கத்தில் நெருங்கி இருந்தோம். வீடு எங்கே என்று நான் சொல்லவில்லை. சந்தியிலேயே இறங்கிக்கொள்ளலாம் என்று வாயைத் திறப்பதற்குள் டிரைவர் சந்தியைத் தாண்டி, சரியாக எங்கள் கடப்படியில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"காலையில் வாசம் வருவது இந்த வீட்டிலிருந்துதானே?" என்று சிரித்தான்.

நாங்கள் அவர்களைப் பார்த்து நேரம் கணித்திருக்கிறோம். அவர்களும் எங்களை மோந்து கணித்திருக்கிறார்கள். எதுக்குச் சிரிச்சான் என்று அப்பாவின் குரல் எனக்குள் கேட்டது.

இறங்கி நிமிர்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நேசம் அக்கா. எதிர்வளவில் இரண்டு பேர். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். யாரும் "என்ன நடந்தது?" என்று கேட்கவில்லை. காலையில் எங்களோடு பஸ்ஸில் போனவர்கள் திரும்பி வந்து முன்னமே கதையைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். ஆமி பிடித்தது, சிங்களத்தில் கதைத்தாள், பின்னேரம் வாகனத்தில் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள். நானே எதிர்வளவில் நின்றிருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன்.

முட்டை நின்றது

மறுநாள் நேசம் அக்காவிடம் வசந்தியை அனுப்பினேன். வெறும் கையோடு வந்தாள்.

"கோழியள் இப்ப இடுறேல்லையாம் அம்மா."

"எல்லாக் கோழியுமா?"

"ஓம், எல்லாமாம். ஆனால் உள்ளுக்கை ஒரு சட்டி நிறைய முட்டை இருந்தது."

தேத்தண்ணிக் கடைக்காரர் நேராகவே சொன்னார். "தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. கொஞ்ச நாளைக்குப் பணிஸ் வேண்டாம்." என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். கிணற்றடிக்குப் போனால் கதை நிற்கும்.

ஒரு கிழமை கழித்து மத்தியானம், புருஷன் இன்னும் அக்கராயனில் நின்றபோது, ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. கதிரை போட்டேன். இருக்கவில்லை.

"அக்கா, காம்புக்கை என்ன கேட்டவங்கள்?"

சொன்னேன்.

"சிங்களத்திலை கதைச்சனீங்களாம். என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"கேக் எப்படிப் போடுறதுன்னு சொன்னேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அங்கே அதிகாரி நம்பாமல் பார்த்த அதே பார்வை.

"கேக் செய்யிற விதம் சொன்னதுக்கு அவங்கள் வாகனத்திலை கொண்டுவந்து விட்டவங்களோ? இந்தப் பக்கத்திலை ஆர் ஆர் வந்து போறது எண்டு கேக்கேல்லையோ?"

"இல்ல தம்பி. சத்தியமா கேட்கல."

பிறகு வசந்தியை மட்டும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்கள். நான் குசினி வாசலில் நின்றேன். இந்தமுறை அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நேராக நின்று, அளவாகப் பதில் சொன்னாள். போகும்போது அவர்கள், எங்கள் வீட்டில் இருந்த அவளுடைய மற்றக் கொப்பியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். "பாத்திட்டுத் தாறம்" என்றார்கள். தரவில்லை.

யார் அவர்களுக்குச் சொன்னது? எனக்கு நேசம் அக்கா மேலேதான் சந்தேகம். கடப்படியில் பிள்ளை நிற்பதைக் கண்டு கேட்டது அவதான். அந்த "ஓ" என்ற சத்தத்தை மறுபடி மறுபடி காதுக்குள் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கெட்டதாகக் கேட்டது.

மூன்று மாதம் வேலியடியில் பேச்சில்லை. ஒரு காலை, நேசம் அக்காவே நாலு முட்டையைச் சேலைத் தலைப்பில் கொண்டுவந்தா. முதல் தடவையாக எங்கள் வளவுக்குள் கால் வைத்தா.

"அந்தப் பெடியள் என்னட்டையும் வந்தவங்கள் தங்கச்சி. நான் உங்களைப் பற்றி நல்லாத்தான் சொன்னனான். அதுதான் பிறகு வரேல்லை. ஆனால் முட்டை தாறதைக் கண்டால் என்னையும் சேத்துப் பாப்பாங்கள் எண்டு பயந்திட்டன்."

முட்டையை வாங்கிக்கொண்டேன். கேக் போட்டு ஒரு துண்டு கொடுத்தேன். என் குசினியிலேயே நின்று சாப்பிட்டா. அவ சொன்னது உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருந்தால் நான் ஒரு நல்ல மனுஷியை மூன்று மாதம் மனசுக்குள் வைத்துச் சுட்டிருக்கிறேன். பொய்யாக இருந்தால், என் வீட்டில் நின்று கேக் சாப்பிட்டுவிட்டுப் போனது யார்? அந்த அக்கா இப்போது இல்லை.

ஐந்து வசனம்

கொப்பிகள் போன பிறகு வசந்தி எழுதுவதை விட்டுவிட்டாள். கணக்குச் சொன்னால் மனதுக்குள்ளேயே போட்டு விடையைச் சொல்வாள். "எழுதிக் காட்டு" என்றால் மண்ணில் எழுதிக் காட்டிவிட்டுக் காலால் அழிப்பாள். பவுசர் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்விடுவாள். நான் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கேக்கை இறக்கப் பழகிக்கொண்டேன். வவுனியா ஆசிரியையிடம் நாங்கள் போகவேயில்லை.

இடம்பெயர்ந்த சனத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் திறந்து, பரீட்சையும் வந்தது. அவள் எழுதிவிட்டு வருகிறவரைக்கும் நான் றோட்டிலேயே நின்றேன்.

"கணக்கு?" என்றேன்.

"எல்லாம் செய்தனான். பின்னக் கணக்கு மூண்டு வந்தது. ஒண்டும் பிழைக்காது." சொல்லும்போது சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு கேள்வி மட்டும் செய்யேல்லை."

"கஷ்டமா?"

"இல்லை. ஐஞ்சு வசனம் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தினம். உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள வீதியைப் பற்றி."

நான் றோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"றோட்டாலை என்ன போகுது, ஆர் போகினம் எண்டெல்லாம் அவைக்கு ஏனம்மா? நான் எழுதேல்லை. வெறுமையா விட்டிட்டன்."

முழு வசனமாக எழுது, ஒன்றையும் விடாமல் எழுது என்று சொல்லிச் சொல்லிப் படிப்பித்தவள் நான். அன்றைக்கு அவள் தலையைத் தடவி, "சரியாத்தான் செஞ்சிருக்க புள்ள" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

முடிவு வந்தது. சில புள்ளிகளால் தவறிவிட்டது. பெரிய வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு மெய்யாகவே கவலை.

"கணக்கிலை இவளைப்போல ஒருத்தரும் செய்யேல்லை எண்டுதான் நினைக்கிறன். மேற்பார்வைக்கு வந்த ரீச்சர் சொன்னவா, ஐஞ்சு வசனம் கேட்ட இடத்தை இவள் அப்பிடியே விட்டிட்டு இருந்தவளாம். அதை எழுதியிருந்தால் காணுமே! ஏன் பிள்ளை எழுதேல்லை? வீட்டு வாசல் றோட்டைப் பற்றி ஐஞ்சு வரி உனக்கு எழுதத் தெரியாதே?"

வசந்தி பெருவிரலால் நிலத்தில் கோடு போட்டு, காலால் அழித்தாள். அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனாலும், இதை ஏன் இவ்வளவு விபரமாகக் கேட்கிறார் என்றுதான் என் மனம் போயிற்று.

"அவளுக்கு எழுத வராது சேர்" என்றேன்.

என் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பெரிய வாத்தியார் பக்கம் திரும்பி, "ஓம் சேர், எனக்கு எழுத வராது" என்றாள்.